அச்சுக்கூடமும் இயங்குதளமும்

ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கி வரிவரியாகப் பக்கம் கட்டிய கம்பாசிட்டர்களின் காலம் தமிழ்நாட்டில் 1990களில் மெல்ல அஸ்தமித்து, அவர்கள் நின்று வேலை செய்த இடத்தில் கணிப்பொறியில் பக்கம் கட்டும் டி.டி.பி. ஆபரேட்டர்கள் நாற்காலி போட்டு அமர்ந்தபோது, தொழிலைப் பீடித்திருந்த பெரிய கஷ்டம் ஒன்று ஒழிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். ஈயம் தேயும், உடையும், மறுபடி வார்க்கவேண்டும். கணிப்பொறியில் ஏற்றிய எழுத்துக்கோ தேய்மானமே இல்லை என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் இயந்திரமும் கெடாமல், அதில் சேமித்த கோப்பும் கெடாமல், இரண்டுக்கும் நடுவே நிற்கும் இயங்குதளம் மாத்திரம் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வர, அந்த மாற்றத்தின் லாபமும் நஷ்டமும் சேர்ந்தே அச்சுக்கூடத்தின் வாசலுக்கு வந்தன.

இது தமிழ் அச்சகத்துக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று. 1964ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஐ.பி.எம். ஸ்தாபனம் சிஸ்டம்/360 என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தபோது, ஒரு மாடலுக்கு எழுதிய நிரல் மற்ற மாடல்களிலும் ஓடும் என்று வாக்களித்ததோடு நில்லாமல், அதற்கு முன் ஏராளமாகப் பரவியிருந்த 1401 இயந்திரத்தின் நிரல்களும் வீணாகாதபடி, புதிய இயந்திரம் பழையதைப் போலவே நடந்துகொள்வதற்கும் ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. பழைய வேலையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை வாங்க எந்த வாடிக்கைக்காரரும் சம்மதிக்கமாட்டார் என்பது அந்நாளிலேயே வியாபாரிகள் அறிந்த விஷயம்.

தமிழ் அச்சுத்தொழிலில் இந்தச் சிக்கல் விசேஷமாகக் கடுமையடைந்ததற்குக் காரணம், அக்காலத்து எழுத்துருக்கள் அமைந்திருந்த விதம். ஓர் எழுத்துக்கு எட்டு பிட் என்ற கணக்கில் கிடைக்கும் 256 இடங்களில், ஆங்கிலத்துக்கும் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் வகுக்கப்பட்டிருந்த இடங்களையே பிடித்து, அங்கே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி தீர்மானித்ததால், ஒரு கடையில் அடித்த கோப்பு அடுத்த கடையில் பிதற்றலாகத் தெரிந்தது. இயங்குதளத்துக்கோ அது தமிழ் என்பதே தெரியாது. 1999ஆம் வருஷம் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக, தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் நிர்ணயம் செய்தது. எனினும் கடைகளில் ஏற்கெனவே குவிந்திருந்த கோப்புகள் பழைய முறைகளிலேயே கிடந்தன.

இத்தகைய அஸ்திவாரத்தின்மேல் நின்ற தொழிலுக்கு, இயங்குதளத்தில் செய்யப்பட்ட சின்னஞ்சிறு திருத்தமும் பெரிய உபத்திரவமாக முடியக்கூடும். ஐரோப்பாவில் யூரோ நாணயம் பிறக்கவிருந்த சமயத்தில், அதன் குறிக்கு இடமளிப்பதற்காக மைக்ரோசாஃப்ட் தன் எழுத்து அட்டவணையில் அதுவரை காலியாகக் கிடந்த 128ஆம் இடத்தை எடுத்துக்கொண்டது. காலி இடந்தானே என்று அங்கே ஒரு தமிழ் வடிவத்தைக் குடிவைத்திருந்த எழுத்துருவில், அந்த ஒரு வடிவம் மட்டும் மறைந்து வெறும் கட்டமாக நிற்க நேர்ந்தால், காரணத்தை எங்கிருந்து கண்டுபிடிப்பது? அவ்வாறே, பிரிண்டர் செருகும் துவாரத்தில் ஒரு பூட்டுக் கருவியை மாட்டினால்தான் ஓடும் மென்பொருள்கள் அன்று உண்டு. விண்டோஸ் 98 வரையில் நிரல்கள் அந்தத் துவாரத்தை நேரடியாக அணுகலாம். 2000, எக்ஸ்பி ஆகியவற்றிலோ அதற்கென்று தனி டிரைவர் இல்லாமல் அணுக அனுமதி கிடையாது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், டிரைவர் கிடைக்காவிட்டால், புது இயங்குதளத்தில் திறக்க மறுக்கும்.

இவ்வளவு சிரமமிருந்தும் 2001ஆம் வருஷம் அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பியைத் தொழில் ஏன் ஏற்றுக்கொண்டது என்றால், அதனால் விளைந்த பிரயோஜனமும் பிரத்தியட்சமாக இருந்தது. 98இல் ஒரு நிரல் தொங்கினால் சிஸ்டமே தொங்கும்; சேவ் செய்யாத லேஅவுட் போனது போனதுதான். அலுவலகக் கணிப்பொறிகளுக்கென்று வளர்ந்திருந்த என்.டி. என்னும் உறுதியான அடித்தளத்தின்மேல் எக்ஸ்பி கட்டப்பட்டிருந்ததால், ஒரு நிரல் விழுந்தாலும் மற்றவை பெரும்பாலும் பிழைத்தன. அதைவிட முக்கியமாக, விண்டோஸ் 2000 முதற்கொண்டு லதா என்னும் எழுத்துருவோடு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையாகிய யூனிக்கோடில் அமைந்த தமிழ் இயங்குதளத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கணிப்பொறி தமிழைத் தமிழென்றே அறியத் தொடங்கியது.

ஆயினும் எக்ஸ்பியில் அந்தத் தமிழ் தானாகக் கண் திறக்கவில்லை. கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறந்து, மொழிகளுக்கான பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடம் செல்லும் மொழிகளுக்கும் உரிய கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் அடித்து, கணிப்பொறி கேட்கும் எக்ஸ்பி சிடியைத் தேடி உள்ளே போட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட்டும் செய்தாகவேண்டும். இதைச் செய்யாத கணிப்பொறியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய் நிற்கும். பழைய எழுத்துருவில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கப்பட்ட 'கொ', யூனிக்கோடில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுவதால், முன்னதைப் பின்னதாக மாற்றும் நிரல் ஒவ்வொரு கொம்பையும் இடம் பெயர்த்து வைக்கவேண்டும். ஓரிடத்தில் தவறினால் புரூஃப் பார்ப்பவர் கண்ணில் படும்வரை அது தவறாகவே கிடக்கும்.

பக்கம் கட்டுவதற்குத் தொழிலின் பிரதான கருவியாயிருந்த பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளோ யூனிக்கோடை அறியாமலே 2004இல் தன் வளர்ச்சியை முடித்துக்கொண்டது. அதே வேலைக்குரிய மற்றொரு மென்பொருளான இன்டிசைன் 2012ஆம் வருஷத்து சி.எஸ்.6 பதிப்பில்தான் இந்திய எழுத்துகளை முறையாகக் கோத்துக்காட்டும் வசதியைப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில், ஆசிரியர் யூனிக்கோடில் எழுதி அனுப்பியதை ஆபரேட்டர் பழைய குறியீட்டுக்கு மாற்றிப் பக்கம் கட்டுவதும், அச்சான புத்தகத்தை இணையத்தில் இடுவதற்கு அதையே மறுபடி யூனிக்கோடுக்குத் திருப்புவதுமாக இரட்டை வேலை நடந்தது. 2010இல் தமிழக அரசு யூனிக்கோடையும் டேஸ்16 என்னும் மற்றொரு குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்த பின்னரும், 2007இல் விஸ்டாவும் 2009இல் விண்டோஸ் 7உம் வந்த பின்னரும், பேஜ்மேக்கருக்காகவே எக்ஸ்பியை விடாது காத்தவர்கள் பலர். அவர்களைப் பழமைவாதிகள் என்று பரிகசிப்பது எளிது. அவர்களுடைய பிழைப்பெல்லாம் அந்தக் கோப்புகளில் இருந்தது.

ஆனால் மாறாமலிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டித் தமிழக அரசு தன் அலுவலகங்களுக்கு பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைச் சிபாரிசு செய்தது. 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்னும் தீநிரல் உலகமெங்கும் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டபோது, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். தள்ளிப்போட்டவர்களில் இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவும் அடக்கம். பழைய இயங்குதளத்தில் வேலை தடையின்றி நடக்கிறதே என்ற திருப்தி, வலையமைப்பில் இணையாத கணிப்பொறிக்கே பொருந்தும்.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கும் அந்த முடிவு வந்தது. விண்டோஸ் 11 தன் நிபந்தனைகளில் ஒன்றாக டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கேட்பதால், நல்ல நிலையில் ஓடும் கணிப்பொறியும் தகுதியற்றதாகத் தள்ளப்படுகிறது. மென்பொருளை மாற்றப் போனவர் இயந்திரத்தையே மாற்றும்படி ஆகிறது. இந்தக் குறை சாமானியமானதன்று.

எனினும் இந்தச் சரித்திரத்தைக் கூர்ந்து நோக்குகையில், அச்சகங்களுக்கு நேர்ந்த நஷ்டத்தின் பெரும்பகுதி புதுப்பித்ததனால் வந்ததன்று, ஒரே எழுத்துருவையும் ஒரே மென்பொருளையும் நம்பிக் கோப்புகளை அவற்றோடு பிணைத்துவைத்ததனால் வந்தது என்பதே என் அபிப்பிராயம். காலாகாலத்தில் தன் புத்தகங்களை யூனிக்கோடுக்கு மாற்றிவைத்த பதிப்பகத்துக்கு, அதன் பிறகு வந்த இயங்குதளங்கள் எழுத்தைப் பொறுத்தமட்டில் பெரிய கலவரம் எதையும் விளைக்கவில்லை. ஆகவே புதுப்பிக்க விரும்புவோர் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மாற்றி, பிரிண்ட் எடுத்துப் புரூஃப் பார்த்த பிறகே பழைய இயந்திரத்தைக் கழித்துக்கட்டவேண்டும். அந்த வேலைக்கு ஆகும் நாட்களையும் கூலியையும் புதிய இயங்குதளத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடவும் வேண்டும்.