தவறான கைதும் வாகனப் பறிமுதலும்: இழப்பீட்டுச் சட்டத்தின் இரு பாதைகள்

தவறாகக் கைது செய்யப்பட்டவர் காவல்துறையிடம் இழப்பீடு பெறும் உரிமையை வகுத்துரைக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அது அரசமைப்புத் தீர்ப்புகளிலும் உரிமையியல் சட்டத்திலும் மனித உரிமைச் சட்டத்திலும் சிதறிக் கிடக்கிறது. கைதோடு வாகனமும் பறிபோனால் சிக்கல் கூடுகிறது. ஆளை அடைத்து வைத்ததற்கு ஒரு சட்டமரபும், உடைமை கெட்டதற்கு வேறொரு மரபும் பதில் சொல்கின்றன. வழக்கிலிருந்து விடுதலையான பிறகே இழப்பீடு கேட்க வேண்டும் என்ற பரவலான நம்பிக்கை, இந்தச் சிதறலால் பாதிக்கப்பட்டவருக்கு எதிராகவே முடிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இது ஏட்டளவுக் கேள்வி அன்று. ஆற்றுமணல், சாராயம், செம்மரம் தொடர்பான வழக்குகளில் ஆளோடு வண்டியும் பிடிபடுவது வழக்கம். 2013 டிசம்பரில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் குற்றம்சாட்டப்பட்டனர். திருவண்ணாமலை மாவட்டத்தாரும் அவர்களில் இருந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இத்தகைய பெருவழக்குகள் செய்தியாகின்றன. உரிய நடைச்சீட்டோடு எம்-சாண்ட் ஏற்றிச் சென்ற லாரியைச் செய்யாற்று மணல் லாரி என்று நிறுத்தி, ஓட்டுநரைக் காவலில் வைத்து, வண்டியை நிலைய வளாகத்தில் மாதக்கணக்கில் நிறுத்தினால் அது செய்தியாவதில்லை. சட்டம் எழுப்பும் கேள்விகளோ இரண்டிலும் ஒன்றே.

கைதும் பறிமுதலும் சேர்ந்து நேர்ந்ததற்கு முன்னோடி வழக்கு கஸ்தூரிலால் எதிர் உத்தரப் பிரதேச அரசு. 1947 செப்டம்பர் 20 அன்று அமிர்தசரஸ் நகை வணிக நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் தங்கமும் வெள்ளியும் விற்க மீரட் வந்தார். திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்ற ஐயத்தில் கடைவீதியில் அவரை மறித்த காவலர்கள், நிலையத்துக்குக் கொண்டுபோய் அடைத்தனர். மறுநாள் பிணை கிடைத்தது. வெள்ளி பின்னர் திரும்பி வந்தது. நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கம் மட்டும் வரவில்லை. பொருள் அறைக்குப் பொறுப்பான தலைமைக் காவலர் அதைக் கையாடிக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். காவலர்களின் கவனக்குறைவை 1964இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் கைதும் பறிமுதலும் அரசின் இறையாண்மைப் பணிகள், அவற்றில் நேரும் தவறுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அரசின் பொறுப்பைச் சட்டமியற்றி வரையறுக்கவும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. 1965, 1967ஆம் ஆண்டு மசோதாக்கள் இரண்டும் சட்டமாகாமலே காலாவதியாயின.

அந்தத் தடையை முதலில் தாண்டியது கைது பற்றிய சட்டமே. விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் பதினான்கு ஆண்டுகள் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் மொத்தம் 35,000 ரூபாய் வழங்கியது. சட்டமன்றத்துக்குச் செல்லவிடாமல் கைது செய்யப்பட்ட காஷ்மீர் உறுப்பினர் பீம் சிங்குக்கு 1985இல் 50,000 ரூபாய் கிடைத்தது. 1993இன் நீலபதி பெஹரா தீர்ப்பு இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டது: அடிப்படை உரிமை மீறலுக்கு அரசமைப்பின் 32, 226 ஆகிய உறுப்புகளின்கீழ் வழங்கும் இழப்பீட்டை இறையாண்மை விலக்கு தடுக்காது. நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி அறிவியலாளர் நம்பி நாராயணன் 1994இல் உளவு வழக்கில் கைதானார். 2018இல் அவருக்கு 50 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

வாகனத்துக்கான சட்டம் வேறு வழியில், மெதுவாக நகர்ந்தது. காவல் நிலையத்தில் களவுபோன நகைகளின் மதிப்பை அரசு தர வேண்டும் என்று 1977இன் பசவ்வா தீர்ப்பு கூறியது. பறிமுதலான சரக்கு அலுவலர்களின் அலட்சியத்தால் கெட்டதற்கு அரசே பொறுப்பு என்று 1994இன் நாகேந்திர ராவ் தீர்ப்பு கூறியது. 2002இன் சுந்தர்பாய் தேசாய் தீர்ப்பு, வாகனங்களை நிலையத்தில் நெடுநாள் நிறுத்தி வைப்பதில் பயனில்லை, படமெடுத்துப் பிணைமுறி பெற்று உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு இதற்குக் கெடு விதிக்கிறது: பொருள் நீதிமன்றத்தின்முன் வந்த 14 நாளில் விவரப் பட்டியலும் நிழற்படமும், அதன்பின் 30 நாளில் ஆணையும். ஆனால் மதுவிலக்கு, கனிமவளச் சட்டங்களுக்கு வாகனத்தை அரசுடைமையாக்கும் தனி நடைமுறைகள் உண்டு. இம்மாவட்டத்தில் பிடிபடும் வண்டிகள் பல அவற்றுக்குள்தான் சிக்குகின்றன.

இவ்விரு பாதைகளும் உரிமையியல் நீதிமன்றத்தில் சந்திக்கும்போது காலவரம்பே வழக்கைத் தீர்மானிக்கிறது. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கான வழக்கை அடைப்பு முடிந்த ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். சட்ட நடவடிக்கையின் பெயரால் அசையும் பொருளைத் தவறாகப் பறிமுதல் செய்திருந்தால், பறிமுதல் நாளிலிருந்து ஓராண்டு. தீய நோக்கோடு வழக்குத் தொடுத்ததற்கான ஓராண்டு மட்டுமே விடுதலை அல்லது வழக்கு முடிவிலிருந்து தொடங்குகிறது. முதல் வகையில் வாதி அடைக்கப்பட்டதைக் காட்டினால் போதும். அதற்குச் சட்ட அதிகாரம் இருந்தது என்று மெய்ப்பிப்பது காவல்துறையின் சுமை. மூன்றாம் வகையில் நியாயமான காரணம் இல்லை என்பதையும் தீய நோக்கையும் வாதியே மெய்ப்பிக்க வேண்டும். குற்றவழக்கு முடியட்டும் என்று மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருப்பவருக்கு எளிய கோரிக்கைகள் இரண்டும் காலாவதியாகி, கடினமானது மட்டும் மிஞ்சுகிறது. போதாததற்கு, 1859ஆம் ஆண்டு மாவட்டக் காவல் சட்டத்தின் 53ஆம் பிரிவிலுள்ள மூன்று மாத வரம்பையும் காவலர்கள் எதிர்வாதமாக எழுப்பலாம். அரசுமீது வழக்கிட இரண்டு மாத முன்னறிவிப்பு வேறு வேண்டும்.

காத்திருக்கத் தேவையில்லை என்பதற்குக் கோட்பாட்டுக் காரணமும் உண்டு. கைது சட்டவிரோதமா என்பது கைதான நாளின் நிலைமையைப் பொறுத்தது. இறுதித் தீர்ப்பைப் பொறுத்ததன்று. விடுதலையானதாலேயே கைது தவறாகிவிடாது. வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே சரியாகியும் விடாது. கைதுக் குறிப்பில் சாட்சியின் கையொப்பம் உண்டா, உறவினருக்குத் தகவல் போனதா, 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தினார்களா, கைதுக்கான காரணங்களைத் தெரிவித்தார்களா என்பவற்றுக்கு அன்றைய ஆவணங்களே விடை தரும். வண்டியைப் பொறுத்தவரை பறிமுதல் மகஜரே அடிப்படை. டயர், பேட்டரி, மீட்டர் அளவு, ஏற்றியிருந்த சரக்கு ஆகியவை அதில் பதிவாகாவிட்டால், திரும்ப வரும்போது காணாமற்போனவற்றைக் காட்ட வழியில்லை. வாடகை ரசீதும் ஃபைனான்ஸ் தவணை அட்டையும் வருமான இழப்புக்குச் சான்றாகும்.

செலவு குறைந்த வழி மாநில மனித உரிமை ஆணையம். அங்கும் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் சேர வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருப்பதால் இவ்வழியின் வலு கூடியிருக்கிறது. மாறாக, காரணமின்றிக் கைதானவருக்கு நடுவர் வழங்கக்கூடிய இழப்பீடு புதிய சட்டத்தின் 399ஆம் பிரிவிலும் 1,000 ரூபாயைத் தாண்டவில்லை. அதையும் தர வேண்டியவர் கைதுக்குக் காரணமான புகார்தாரரே, காவல்துறை அன்று.

தொகையை அளக்கும் அளவுகோலும் இல்லை. பன்னாட்டு குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 9(5) உறுப்பு சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீட்டை உரிமையாக்குகிறது. 1979இல் அதில் இணைந்த இந்தியா அந்த உறுப்புக்கு விலக்குக் குறிப்பிட்டது. தவறான வழக்குத் தொடுப்புக்கு இழப்பீட்டுச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தனது 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தும் 2023இல் இயற்றப்பட்ட புதிய நடைமுறைச் சட்டம் அதை உள்வாங்கவில்லை. அத்தகைய சட்டம் வரும்வரை, ஓட்டுநரின் காவலையும் வண்டியின் முடக்கத்தையும் ஒரே வாழ்வாதாரத்துக்கு நேர்ந்த ஒரே ஊறாகக் காட்டி, அரசமைப்பில் சுதந்திரத்துக்கான 21ஆம் உறுப்பையும் சொத்துரிமைக்கான 300-ஏ உறுப்பையும் இணைத்து, விடுதலைக்குக் காத்திராமல் உயர் நீதிமன்றத்தில் முறையிடுவதே வலுவான வழி.