தரங்கம்பாடித் திண்ணையில் தமிழ் கற்றல்: அயலவர் மொழிக்கல்வியும் உள்ளூர் ஆசிரியர்களும் (1706–1812)

திறவுச்சொற்கள்: திண்ணைப்பள்ளி, சீகன்பால்கு, அழகப்பன், துபாசி, கொடுந்தமிழ், காரைக்கால் கடற்கரை

காரைக்கால் வட்டாரத்தின் வடகோடியிலுள்ள மீனவர் சிற்றூர் மண்டபத்தூர். அங்கிருந்து கடலோரமாக வடக்கு நோக்கி நடப்பவர் ஒரு காலைப்பொழுதில் தரங்கம்பாடியை அடைந்துவிடலாம். இன்று இவ்வழியில் குறுக்கிடுவது புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கும் தமிழ்நாட்டிற்கும் இடையிலான எல்லை. 18ஆம் நூற்றாண்டில் இதே கரையில் இருவேறு ஐரோப்பியக் கொடிகள் பறந்தன. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர்க்குக் கிடைத்தது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சியர் வசமாயிற்று. கொடிகள் வேறுபட்டனவேயன்றிக் கரையோர மக்களின் பேச்சு வேறுபடவில்லை. எனவே இங்குக் குடியேறிய அயலவர் எவராயினும் அவர்முன் நின்ற வினா ஒன்றே: இவ்வூர் மொழியை யாரிடம், எவ்வாறு கற்பது?

வணிகர்களுக்கு இவ்வினா பெரும்பாலும் எழவேயில்லை. துறைமுக நகரங்களில் போர்த்துக்கேயம் பொதுமொழியாக வழங்கியது, துபாசி இருந்தார், கணக்கும் சரக்கும் கைமாறுவதற்கு அதுவே போதுமானதாயிற்று. தமிழ் தேவைப்பட்டவர்கள் சமயப் பணியாளர்களே. முத்துக்குளித்துறையில் என்றீக் என்றீக்கசு 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே போர்த்துக்கேய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் – போர்த்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. இவை கத்தோலிக்கத் துறவியரின் முயற்சிகள். அவற்றைத் துணையாகக் கொள்ளும் நிலையில், தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானிய லுத்தரன்கள் இருக்கவில்லை.

பர்த்தலோமேயு சீகன்பால்கும் என்றிக் புளுட்சோவும் 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தனர். புளுட்சோ போர்த்துக்கேயத்தையும் சீகன்பால்கு தமிழையும் முதன்மையாக மேற்கொண்டனர். கற்பிக்கும் நிறுவனம் இல்லாத ஊரில் சீகன்பால்கு உள்ளூரில் இருந்த ஒரே கல்வி அமைப்பை நாடினார். முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுடன் பணியாளர் வீட்டிற்கே வந்து பள்ளி நடத்துமாறு ஏற்பாடாயிற்று. இருபத்துநான்கு வயதான ஐரோப்பியர் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். இக்காட்சி பல நூல்களில் நெகிழ்ச்சியுடன் விரித்துரைக்கப்பட்டுள்ளது. ஆனால், அந்நெகிழ்ச்சியில் கல்விமுறை பற்றிய செய்தி மறைந்துபோகிறது.

திண்ணைப்பள்ளி தாய்மொழியாளர்க்கென அமைந்தது. மாணவன் பேச்சுத் தமிழை வீட்டிலிருந்தே கொண்டுவருவான். பள்ளி அவனுக்கு எழுத்து, எண்சுவடி, நீதிநூல் ஆகியவற்றைத் தரும். மணலில் எழுதுதல், ஓலையில் கீறுதல், உரக்கச் சொல்லி மனத்திருத்தல் என்பன அதன் படிநிலைகள். ‘கொன்றைவேந்தன்’ முழுவதையும் ஒப்பித்த பின்னரும் பொருள் அறியாதிருப்பது சிறுவனுக்குக் குறையன்று. பொருள் பின்னாளில் வரும். அயலவர்க்கு அவ்வாறு வருவதற்கு வழியில்லை. சீகன்பால்கு எழுத்துகளை விரைவில் கற்றார். சொற்களை உச்சரிக்கவும் பழகினார். ஆனால் ஐரோப்பிய மொழி எதுவும் அறியாத ஆசிரியரால் அவற்றின் பொருளை அவருக்கு விளக்க இயலவில்லை. ஆசிரியரின் திறமைக் குறைவு என இதனைக் கொள்ளலாகாது. ஒரு மொழியைப் பிறமொழியாகக் கற்பிப்பது தனித்தொழில். அத்தொழில் அக்கரையில் அப்போது தோன்றியிருக்கவில்லை.

அத்தொழிலைத் தொடங்கிவைத்தவர் செருமானிய ஆவணங்களில் ‘அலெப்பா’ எனக் குறிக்கப்படும் அழகப்பன். டேனியக் குழுமத்தில் மொழிபெயர்ப்பாளராக முன்பு பணியாற்றிய அவர் போர்த்துக்கேயம், டேனியம், செருமன், டச்சு ஆகிய மொழிகளை அறிந்தவர். எழுத்தைத் திண்ணை ஆசிரியரிடமும், பொருளையும் பேச்சையும் அழகப்பனிடமும் பெற்றமையால் சீகன்பால்கின் கல்வி முன்னேறியது. 1707 ஆகத்தில் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டபோது அங்குத் தமிழிலும் உரை நிகழ்த்தப்பட்டது.

இதன்பின் அவர் கைக்கொண்ட முறை 1709ஆம் ஆண்டுக் கடிதமொன்றால் அறியப்படுகிறது. காலை ஏழு முதல் எட்டு மணிவரை முன்பு குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பயில்வார். எட்டு முதல் நண்பகல் வரை, அதுவரை படித்திராத தமிழ்ச் சுவடிகளையே படிப்பார். அப்போது முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். செய்யுட்பொருளைப் புலவர் விளக்க, புதிய சொற்களை எழுத்தர் அவ்வப்போதே பதிந்துகொள்வார். உணவுவேளையிலும் ஒருவர் படித்துக்காட்டுவார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் படிப்பு. இரவில் கண் களைப்புறாதிருக்கப் பிறர் படிக்கக் கேட்டல். தாம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத்தக்க நடையுடைய ஆசிரியர்களையே அவர் விரும்பித் தேர்ந்தார்.

இந்த நாள்முறையைத் தனிமனிதரின் உழைப்பு எனப் போற்றுவதே வழக்கம். அது உண்மையில் மூவர் பணி: பொருள் கூறுபவர், பதிபவர், கற்பவர். 1708இல் தொகுத்த ‘பிப்லியோதிக்கா மலபாரிக்கா’ என்னும் சுவடிப் பட்டியலில் கிறித்தவர், இசுலாமியர் அல்லாத தமிழாசிரியர்களின் நூல்கள் மட்டும் 119 இடம்பெற்றுள்ளன. அவற்றைத் தேடப் பிற ஊர்களுக்கு அனுப்பப்பட்டவர்களும், படியெடுத்தவர்களும் தமிழரே. இறந்த கற்றோரின் மனைவியரிடமிருந்து சுவடிகள் குறைந்த விலைக்கு வாங்கப்பட்டமையும் பதிவாகியுள்ளது. ஒரு குடும்பத்தின் வறுமையும் ஒரு நூலகத்தின் வளமும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன.

அதே ஆண்டில் ‘நீதிவெண்பா’, ‘கொன்றைவேந்தன்’, ‘உலகநீதி’ ஆகியவற்றைச் சீகன்பால்கு செருமானிய மொழியில் பெயர்த்தார். இத்தேர்வைப் பெரும்பாலும் தமிழ் அறநூல்கள்மீது அவர் கொண்ட மதிப்பிற்குச் சான்றாகக் காட்டுவர். அம்மதிப்பு உண்மையே. எனினும் ‘கொன்றைவேந்தன்’, ‘உலகநீதி’ போன்றவை திண்ணைப்பள்ளியின் பாடநூல்கள் என்பதை மறத்தலாகாது. உள்ளூர்ப் பாடத்திட்டம் எவற்றை முதலில் கையில் கொடுத்ததோ அவையே முதலில் ஐரோப்பிய மொழிக்குச் சென்றன.

கற்பித்தவர்களின் நிலை சிக்கலானது. திண்ணை ஆசிரியரின் மகனும் கவிபாடும் ஆற்றல் உடையவருமான கணபதி வாத்தியார் பின்னர் ஞானமுழுக்குப் பெற்றுப் பிரிடிரிக் கிறிஸ்தியான் எனப் பெயர்கொண்டார்; அந்நிகழ்ச்சி உறவினரிடையே கடும் எதிர்ப்பை எழுப்பியது. ஐரோப்பியர் வீட்டில் பாடஞ்சொல்லுதல் ஒரு தமிழ்க் குடும்பத்திற்குக் கூலிவேலையாக மட்டும் அமைந்துவிடவில்லை. கற்றவர்க்கும் பாதுகாப்பில்லை: டேனிய ஆளுநர் அசியசின் ஆணையால் சீகன்பால்கு 1708 இறுதியில் சிறைப்பட்டு நான்கு மாதங்கள் அடைபட்டிருந்தார்.

1712 முதல் 1714 வரை தமிழரிடம் வினாக்கள் அனுப்பிப் பெற்ற விடைக்கடிதங்கள் செருமானியத்தில் பெயர்க்கப்பட்டு ஆலெயில் வெளியாயின. ‘மலபார்க் கடிதங்கள்’ எனப்படும் இத்தொகுப்பில் எழுதியோர் பெயர்கள் தரப்படவில்லை. பெரும்பகுதி அழகப்பனால் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் கருத்து. மொழி கற்பித்தவரே தம் சமூகத்தைப் பற்றி விளக்கும் ஆசிரியராகவும் செயற்பட்டார். நூலிலோ அவர் பெயரற்ற ‘மலபாரியர்’.

சீகன்பால்கு 1714இல் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்னும் இளைஞரை உடனழைத்துச் சென்றார். கப்பற்பயணத்தில் எழுதத் தொடங்கிய ‘கிராமத்திக்கா தமுலிக்கா’ 1716இல் ஆலெயில் அச்சாயிற்று. புத்தகம் இலத்தீன் இலக்கணச் சட்டகத்தில் அமைந்தது. தொல்காப்பிய – நன்னூல் மரபில் பயின்றவர்க்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் நன்னூல் மொழியை ஏற்கெனவே அறிந்தவர்க்கு அதன் ஒழுங்கைக் காட்டுவது. இந்நூல் மொழியே அறியாதவர்க்கு வினைமுற்றையும் வேற்றுமையையும் வழக்கில் காட்டுவது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. தமிழ் ஒலிக்கும் ஒருவர் பக்கத்திலிருக்க எழுதப்பட்டது என்பதே நூலின் வலிமை.

வழக்குமொழிக்குத் தனி இலக்கணம் வேண்டும் என்னும் தெளிவு வீரமாமுனிவரிடம் மேலும் முதிர்ந்தது. அவர் செந்தமிழையும் கொடுந்தமிழையும் பிரித்து ஒவ்வொன்றிற்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதினார். அவரது கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தில். அவ்வச்சகத்தாருக்கும் முனிவருக்கும் இடையே சமயக் கண்டன நூல்களால் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எதிரியின் இலக்கணமே ஆயினும் புதிதாக வருபவர் தமிழ் கற்க அதனினும் சிறந்த நூல் அவர்கள் கையில் இல்லை.

சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டைக் கல்லூரி 1812இல் தொடங்கப்பட்டபோது ஆங்கில அலுவலர்க்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிப்பது அரசுச் செலவில் நடைபெறும் பணியாயிற்று. ஆசிரியர்க்குப் பதவியும் ஊதியமும் வந்தன. பாடநூலுக்கும் தேவை எழுந்தது. அங்குத் தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் உரைநடையில் ஆக்கிய ‘பஞ்சதந்திரம்’ 1826இல் வெளிவந்து, தமிழ் உரைநடை வரலாற்றில் அவர் பெயரோடு நிலைபெற்றது. நூற்றாண்டுக்கு முன் தரங்கம்பாடியில் மணல் பரப்பி அதே தொழிலைச் செய்த முதியவர், சீகன்பால்கின் வாழ்க்கை வரலாறுகளில் இன்றும் ‘ஒரு பள்ளி ஆசிரியர்’ என்றே குறிக்கப்படுகிறார்.