பிரேசில், அர்ஜென்டினாவுக்கே மூச்சு வாங்குது... பொலிவியா மைதானத்தில் அப்படி என்ன இருக்கிறது?

உலகக் கோப்பை தகுதிச்சுற்றில் பிரேசில் ஒரு போட்டியில்கூட தோற்றதில்லை. 1993 ஜூலை 25 வரை நிலைமை இதுதான். அன்று பொலிவியாவின் லா பாஸ் நகரில், கடைசி சில நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 2-0 என வீழ்ந்தது பிரேசில். அந்த வருடம்தான் பொலிவியா 1994 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது.

போட்டி நடந்த எர்னாண்டோ சிலெஸ் ஸ்டேடியம் 1930-ல் திறக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 3,600 மீட்டர்.

மேலே போனால் என்ன ஆகும்?

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பார்கள். அது பாதி உண்மைதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம். ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. ஒருமுறை வேகமாக ஓடிவிட்டு நின்றால், அடுத்த ஓட்டத்துக்கு உடம்பு சீக்கிரம் தயாராகாது. பந்தும் சொன்ன பேச்சு கேட்காது. காற்று லேசாக இருப்பதால் வேகமா போகும், வளைவது குறையும். கோல்கீப்பரின் கணக்கு தப்பிவிடும்.

இதற்கு உடம்பு பழக வாரக்கணக்கில் ஆகும். க்ளப் போட்டிகளுக்கு நடுவே அவ்வளவு நாள் யாரிடம் இருக்கு? அதனால் பல அணிகள் தாழ்வான சான்டா குரூஸ் நகரில் தங்கிவிட்டு, போட்டிக்குச் சில மணி நேரம் முன்புதான் லா பாஸ் வரும். பாதிப்பு முழுசா தெரிவதற்குள் ஆடிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பது திட்டம். (1993-ல் பிரேசிலுக்கு முதல் கோல் அடித்த மார்கோ எச்செவெர்ரியும் சான்டா குரூஸ்காரர்தான். பொலிவியா வீரர்கள் எல்லோருமே மலையில் பிறந்தவர்கள் இல்லை.)

ஃபிஃபா போட்ட தடை

2007 மே மாதம், 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேசப் போட்டி நடத்தக் கூடாது என்றது ஃபிஃபா. வீரர்களின் உடல்நலம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. பொலிவியாவுக்கோ, சொந்த வீட்டு வாசலில் விளையாடாதே என்று சொன்ன மாதிரி இருந்தது. இங்கே லட்சக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள், விளையாட மட்டும் கூடாதா என்பதுதான் அவர்களின் கேள்வி. அதில் நியாயம் இருக்கவே செய்தது. அப்போதைய அதிபர் ஈவோ மொராலெஸ், சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் சஹாமா மலையில் கால்பந்து ஆடிக் காட்டினார். 2008 மார்ச்சில் மாரடோனாவே லா பாஸ் வந்து, மொராலெஸுடன் ஆடி ஆதரவு கொடுத்தார். அடுத்த இரண்டு மாதத்தில் தடை நிறுத்தி வைக்கப்பட்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2009 ஏப்ரல் 1-ம் தேதி அர்ஜென்டினா பயிற்சியாளராக அதே மாரடோனா, அதே மைதானத்துக்கு வந்தார். அணியில் மெஸ்ஸியும் இருந்தார். ஸ்கோர் 6-1, ஜெயித்தது பொலிவியா. ஹோக்கின் போட்டேரோ மட்டும் மூன்று கோல். தோல்விக்கு மாரடோனா உயரத்தைக் காரணம் காட்டவில்லை.

உயரம் மட்டும் போதுமா?

போதாது. 2022-ல் இங்கே பிரேசில் 4-0 என வென்றது, 2023-ல் அர்ஜென்டினா 3-0 என வென்றது. 1994-க்குப் பிறகு 2022 வரை ஒரு உலகக் கோப்பைக்கும் பொலிவியா போகவில்லை. மலையை விட்டு இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். தகுதிச்சுற்றில் வெளிநாட்டு மண்ணில் ஒரு வெற்றிக்கு 1993-லிருந்து காத்திருந்து, 2024-ல் சிலியில்தான் அது கிடைத்தது.

அதே 2024-ல் பொலிவியா இன்னும் மேலே ஏறியது. லா பாஸுக்குப் பக்கத்திலேயே, 4,000 மீட்டரையும் தாண்டிய உயரத்தில் இருக்கும் எல் ஆல்ட்டோ நகர மைதானத்துக்குப் போட்டிகளை மாற்றியது. முதல் போட்டியிலேயே வெனிசுலாவுக்கு 4-0, அடுத்து கொலம்பியாவுக்கு 1-0. 2025 செப்டம்பர் 9-ம் தேதி வந்தது பிரேசில். மிகேல் டெர்செரோஸ் அடித்த பெனால்டியில் 1-0 என பொலிவியா ஜெயித்தது. அதே இரவு கொலம்பியாவிடம் வெனிசுலா தோற்க, 7-வது இடம் பிடித்த பொலிவியாவுக்கு பிளே-ஆஃப் வாய்ப்பு கிடைத்தது.