தொடாமல் தட்டுவது

1885-ல் ரேலே பிரபு கணக்குப் போட்டே ஓர் அலையைக் கண்டுபிடித்தார். திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும், ஆழம் போகப் போக அடங்கிவிடும் அலை. நிலநடுக்கங்களில் இதற்குப் பங்கிருக்கலாம் என்றும் ஊகித்தார்.

சரி, ஆய்வகத்தில் அதை எப்படி எழுப்புவது? தட்டலாம்தான். ஆனா தட்டுகிற கருவியும் சேர்ந்து அதிருமே? எது பொருளின் குரல், எது கருவியின் குரல்? என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது இந்தக் கேள்விதான்.

1963-ல் அமெரிக்கரான ரிச்சர்ட் வைட் ஒரு வழியை விளக்கினார்: தொடவே வேண்டாம், சூடாக்கினால் போதும். எலக்ட்ரான் கற்றையோ ஒளித்துடிப்போ பட்ட இடம் சட்டென்று விரியப் பார்க்கும்; சுற்றியிருக்கும் குளிர்ந்த பகுதி விடாது. அந்த இழுபறிதான் அலையாகக் கிளம்புகிறது. 1968-ல் அவரும் லீயும் லேசர்த் துடிப்பால் ரேலேயின் அலையையே எழுப்பிக் காட்டினார்கள்.

இன்று கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் உலோகத்தையும் இப்படித் தட்டலாம். விரிசல் இருந்தால் அலை அங்கே சிதறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

'வெறும் கணக்கால என்ன பிரயோஜனம்?' என்று யாராவது கேட்டால், பேனாவிலிருந்து லேசர் வரைக்குமான இந்த 83 வருஷத்தைத்தான் நான் சொல்வேன்.