நரைக்கு எத்தனை 'வால்யூம்'?

திருநின்றவூர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு சலூனில் அண்மையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். சாயம் போட வந்திருந்த பெரியவர் ஒருவர், "நரை முரட்டு நரை, தம்பி, 40 நம்பரையே போடு" என்றார். கடைக்காரர் தலையசைத்து, "வேண்டாங்க ஐயா, உங்களுக்கு 20 போதும்" என்றார். "ஏன்?" என்று கேட்டதற்கு அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் சொன்னதே சரி. அந்த எண்களின் கதை இருநூறு ஆண்டுப் பழமையுடையது.

சாயத்தோடு கலக்கும் 'டெவலப்பர்' என்பது ஹைட்ரஜன் பெராக்ஸைடு கரைசலே. 1818-இல் பிரெஞ்சு விஞ்ஞானி தெனார், பேரியம் பெராக்ஸைடை அமிலத்தில் கரைத்து இதை முதன்முதலாகத் தயாரித்தார். நீரின் மூலக்கூறில் உள்ளதைவிட இதில் ஓர் ஆக்ஸிஜன் அணு கூடுதல். அது எளிதில் பிரிந்து விடும். ஆகவே கரைசலின் வீரியத்தை அறிய, அதிலிருந்து வெளிவரும் வாயுவை அளந்தாலே போதும். தூய பெராக்ஸைடு தன் பருமனைப் போல் 475 மடங்கு ஆக்ஸிஜனைத் தருவதாகத் தெனார் கணக்கிட்டார். இன்றைய கணக்கு ஏறக்குறைய 478. அக்காலத்துக் கருவிகளை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இல்லையா?

புட்டியில் '20 வால்யூம்' என்று இருந்தால் ஒரு லிட்டர் கரைசல் 20 லிட்டர் ஆக்ஸிஜனைத் தரும் என்று பொருள். நீங்களே சரிபார்க்கலாம். 6 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 60 கிராம் பெராக்ஸைடு உண்டு. அதன் மூலக்கூறு எடை 34. எனவே இது 1.76 மோல். இரண்டு மூலக்கூறு சிதைந்தால் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு கிடைக்கும்; ஆக 0.88 மோல். அதை 22.4 லிட்டரால் பெருக்குங்கள். 20-க்குச் சற்றே குறைவாக வரும். இவ்வாறே 10 வால்யூம் என்பது 3 சதவீதம், 30 என்பது 9, 40 என்பது 12.

இத்திரவம் முதலில் தலைக்கு வந்தது கறுப்பாக்க அன்று, வெளுக்க! 1867-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், கருங்கூந்தலைப் பொன்னிறமாக்கும் மருந்தாக இது காட்டப்பட்டது. இதற்கிடையே 1856-இல் பெர்க்கின் தாரிலிருந்து செயற்கைச் சாயம் கண்டிருந்தார். அவருடைய ஆசிரியர் ஹாஃப்மன், 1863-இல் பாரா-ஃபினிலீன்டையமீன் என்னும் பொருள் ஆக்ஸிஜனேற்றத்தால் கருநிறம் பெறுவதைக் கவனித்தார். 1883-இல் மோனே என்ற பிரெஞ்சு நிறுவனம் இவ்வினச் சாயத்தையும் பெராக்ஸைடையும் சேர்த்து மயிருக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றது. 1907-இல் யூஜின் ஷ்யூலர் என்ற ரசாயனப் பட்டதாரி பாரிஸ் சிகை அலங்காரக்காரர்களுக்குத் தம் சாயத்தை விற்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே லோரேயால் நிறுவனம்.

ஆக, பெராக்ஸைடுக்குத் தலையில் இரண்டு வேலைகள். ஒன்று, மயிரின் இயற்கை நிறமியான மெலனினைச் சிதைப்பது. மற்றொன்று, சாயத்தை உருவாக்குவது. சாயத்தின் மூலப்பொருள்கள் நிறமற்ற சிறு மூலக்கூறுகள். அம்மோனியா மயிரின் புறச்செதில்களைத் தளர்த்த, அவை உள்ளே நுழைகின்றன. பெராக்ஸைடு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளாக்குகிறது. நுழைந்த வழியே அவை எளிதில் வெளியேற இயலாது.

இப்போது நரைக்கு வருவோம். வெண்மயிரில் மெலனின் இல்லை. ஆகவே முதல் வேலை அங்கே கிடையாது. இரண்டாவது வேலைக்கு 6 சதவீதம் தாராளம். சம அளவு சாயக்குழம்பு சேர்ந்ததும் அது 3 சதவீதமாகிவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 10 வால்யூமில் தொடங்கினால் ஒன்றரைதான் மிஞ்சும். செதில்கள் இறுகிய நரைக்கு அது பெரும்பாலும் பற்றாது. 40 போட்டாலோ நரை கூடுதலாகக் கறுக்கப் போவதில்லை. மிச்சமிருக்கும் கருமயிர்தான் வெளுத்துச் செம்பட்டையாகும், உச்சந்தலையும் எரியும். முரட்டு நரைக்கு முரட்டு மருந்து என்ற பெரியவரின் கணக்கு இங்கேதான் தவறுகிறது.

நம் பாட்டிமார் மருதோன்றியும் அவுரியும் அரைத்துப் பூசினார்களே, அதற்கு டெவலப்பர் ஏது? அவுரியிலிருந்து வரும் நிறமற்ற பொருளைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனே நீலமாக்கிவிடுகிறது. நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

பொட்டலத்தில் வந்து நீரில் கரைக்கும் தூள் சாயங்களில் புட்டி இல்லையே என்று கேட்கலாம். பெராக்ஸைடைத் தரும் பொருள் தூளிலேயே கலந்திருக்கிறது. சிலவற்றில் அது தெனார் கையாண்ட அதே பேரியம் பெராக்ஸைடு!

எண் சரியாக இருந்தாலும் சாயப்பொருள் சிலருக்கு ஒவ்வாது, முகம் வீங்கிவிடும். முன்னதாகத் தோலில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும் என்றும், இமையிலும் புருவத்திலும் பூசினால் பார்வை போகலாம் என்றும் உறையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. சலூனில் அந்த உறையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கலவையை உலோகக் கிண்ணத்தில் குழைக்காதீர்கள். இரும்பும் செம்பும் பெராக்ஸைடை விரைந்து சிதைக்கும். மிஞ்சியதை மூடி வைக்கவும் கூடாது. வாயு சேர்ந்து மூடியைத் தெறிக்கவிடும். நம் ஊர் வெயிலில் பல மாதம் திறந்தும் மூடியும் கிடந்த '20' புட்டி, உண்மையில் 20 ஆகவே இராது.