அட்டைப்பெட்டியிலிருந்து ஆங்கி வரை

ஒரு பக்கத்தில் வினாவும் மறுபக்கத்தில் விடையும் எழுதப்பட்ட ஃபிளாஷ் கார்டு என்னும் படிப்பட்டை, செல்பேசிச் செயலியாக மாறுவதற்கு முன்பு நெடுங்காலம் காகிதமாகவே இருந்தது. 1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதையும், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பதே பயன் தருகிறது என்பதையும் அளந்து காட்டினார். அந்த முடிவை 1970-களில் மாணவர் கைக்கு எட்டச்செய்தவர் செபாஸ்டியன் லைட்னர் என்னும் இதழாளர்: அவர் பரிந்துரைத்த பெட்டியில், சரியாகச் சொல்லப்பட்ட அட்டை அடுத்த அறைக்கு நகர்ந்து அரிதாகவே திரும்பி வரும், தவறிய அட்டை முதல் அறைக்கே மீளும். இதற்கான செலவு ஒரு பெட்டியும் சில காகிதங்களும்தான். பின்வந்த மென்பொருள் எதுவும் இந்தச் சிக்கனத்தை மிஞ்சியதாகச் சொல்ல முடியாது.

போலந்தின் போஸ்னான் நகரில் மாணவராக இருந்த பியோட்டர் வோஸ்னியாக், 1987-இல் சூப்பர்மெமோ மென்பொருளை எழுதி, ஒவ்வோர் அட்டைக்கும் உரிய இடைவெளியைக் கணினியே கணிக்கச் செய்தார். அவருடைய கணக்கீட்டு முறைகளுள் எஸ்எம்-2 எனப்படுவது வெளிப்படையாக வெளியிடப்பட்டிருந்ததால், 2006-இல் டேமியன் எல்ம்ஸ் அதன் வழியில் ஆங்கி என்னும் படிப்பட்டை மென்பொருளை அமைத்து, மூலநிரலுடன் இலவசமாக வழங்க முடிந்தது. கணினியிலும், தன்னார்வலர்கள் உருவாக்கிய ஆண்ட்ராய்டு பதிப்பிலும் அதற்குக் கட்டணம் இல்லை. ஐபோன் பதிப்புக்கு மட்டும் ஒருமுறை விலை கொடுக்க வேண்டும், அந்த வருவாயே மேம்பாட்டுப் பணிக்குத் துணைநிற்கிறது. 2005-இல் கலிபோர்னியப் பள்ளி மாணவர் ஆண்ட்ரூ சதர்லாந்து பிரெஞ்சுச் சொற்களைப் படிப்பதற்காகத் தொடங்கிய குவிஸ்லெட் என்னும் படிப்பட்டை இணையதளமோ, எளிமையால் வேகமாகப் பரவி, முன்பு இலவசமாக இருந்த வசதிகள் சிலவற்றைக் காலப்போக்கில் சந்தாவுக்குள் கொண்டுசென்றது.