கம்பிச் சக்கரத் தூய்மை: புல்லட் சக்கரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த மோட்டார் சைக்கிளின் கம்பிச் சக்கரத்தைப் பழுதின்றித் தூய்மை செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். சான்றாகக் கொள்வது, 1956 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகி வந்த என்ஃபீல்டு புல்லட்டின் பழைய குரோம் சக்கரம். அலாய் சக்கரங்கள் இங்கே பேசப்படவில்லை.

பழைய சக்கரங்களில் பலவற்றைக் கெடுத்தது துருவைவிடத் துருவைப் போக்கும் ஆத்திரமே என்பது என் துணிபு. ரிம், கம்பி, நடுவிலுள்ள ஹப் ஆகிய மூன்றும் மூன்று வேறு உலோகப் பரப்புகள். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றை அரித்துவிடும்.

2. உறுப்புகளும் உலோகங்களும்

மாட்டுவண்டியின் ஆரக்கால் பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கும். கம்பிச் சக்கரத்தில் அப்படியில்லை. எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே முறுக்கி இழுத்துக் கட்டப்பட்டவை. இழுவிசையால் நிற்கும் இச்சக்கரத்தை ஜார்ஜ் கேலி 1808-இல் சிந்தித்தார். கம்பிகளை ஹப்பிலிருந்து சாய்வாகக் குறுக்கிட்டுப் பின்னும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார். புல்லட் சக்கரத்தின் பின்னலும் அவ்வழி வந்ததே. துரு ஒரு கம்பியை மெலியச் செய்தால் அதன் பங்கு இழுவிசை பக்கத்துக் கம்பிகளின்மேல் ஏறும். எனவே இங்கே தூய்மை என்பது அழகைப் பற்றியது மட்டுமன்று.

ரிம் எஃகால் ஆனது. அதன்மேல் நிக்கல், நிக்கலின்மேல் குரோமியம். பளபளக்கும் குரோமியப் படலம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. காவல் காப்பது அடியிலுள்ள நிக்கலே. கம்பிகள் துத்தநாகம் பூசிய எஃகு. பிற்கால ஹப்புகள் அலுமினிய வார்ப்பு. பிரேக் ஷூ உரசும் உள்வளையம் மட்டும் வார்ப்பிரும்பு.

3. அழுக்கின் வகைகள்

சேறும் புழுதியும் எளியவை, தண்ணீரிலேயே போகும். செயினிலிருந்து தெறித்த கிரீஸ் புழுதியோடு இறுகித் தார் போலாகிப் பின்சக்கரத்தில் படிந்திருக்கும். மூன்றாவது துரு. குரோமியப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் வெடிப்புகளும் உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு அவ்வழியே நிக்கலைக் குடைந்து எஃகைத் தொடும். அங்கே பிறக்கும் துரு, தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் பூச்சு அடியிலிருந்து தூக்கப்பட்டுச் செதில் செதிலாக உதிரும். மேலே தெரிவது கடுகளவு புள்ளியாக இருந்தாலும் உள்ளே குழி அகலமாக இருக்கலாம்.

4. களையும் முறை

4.1 கிரீஸ்

முதலில் கிரீஸைப் போக்க வேண்டும். எண்ணெய் மூடிய துருவின்மேல் வேறெந்தப் பொருளும் வேலை செய்யாது. மண்ணெண்ணெய் அல்லது டீசலில் நனைத்த பெயிண்ட் பிரஷ்ஷால் ஊறவிட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவலாம். டயரிலும் பிரேக் டிரம்முக்குள்ளும் எண்ணெய் படக் கூடாது. வாட்டர் சர்வீஸ் குழாயை ஹப்பின் நடுவே நேராகப் பாய்ச்சினால் நீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். பிரேக் தூளைக் காற்றடித்து ஊதுவது எந்நிலையிலும் தவறு. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருந்தது. அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

4.2 குரோம் ரிம்

இங்கேதான் பெருந்தவறுகள் நடக்கின்றன. குளியலறை ஆசிட் எனக் கடையில் கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு நொடியில் கரைவதைப் பார்த்து மகிழ்பவர், குரோமியமும் சேர்ந்து கரைவதைக் கவனிப்பதில்லை. அதிலுள்ள குளோரைடு மிச்சம் நுண்துளைகளில் தங்கி, கடற்காற்று ஆண்டுக்கணக்கில் செய்வதைச் சில வாரங்களில் செய்து முடிக்கும். உப்புத்தாளும் இரும்புக் கம்பி பிரஷ்ஷும் படலத்தைக் கீறிப் புது வழிகளைத் திறந்துவிடும்.

அடுக்களையிலுள்ள அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதே நான் சொல்லும் வழி. அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானது. பூச்சில் கீறல் விழாது, துரு மட்டும் உரசி வரும். கம்பிகளை ரிம்மில் பிணைக்கும் நிப்பிள்களைச் சுற்றிய இடுக்குகளுக்குப் பித்தளைக் கம்பி பிரஷ் போதும்.

4.3 கம்பிகள்

துத்தநாகம் எந்த அமிலத்துக்கும் இளகிக் கொடுக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்கு ஏற்ற புளியும் எலுமிச்சையும் இங்கே ஆகா. அமிலம் இரும்பைத் தொடும்போது வெளிப்படும் ஹைட்ரஜன், இழுவிசையில் நிற்கும் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்கு ஆளாக்கவும் கூடும். ஆகவே சோப்புத் தண்ணீரும் பித்தளைப் பிரஷ்ஷும் மட்டுமே. துணிப்பட்டையைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் முழுச் சுற்றளவும் துலங்கும். ஹப்பில் கொக்கி போல வளைந்து நுழையும் கழுத்துப் பகுதியில் அதிக நேரம் செலவிட வேண்டும். கம்பிகள் பெரும்பாலும் முறிவது அங்கேதான்.

4.4 ஹப்

அலுமினியத்துக்கு எரிசோடா பகை. சலவைச் சோடாக் கரைசலும் அதைக் கருக்கச் செய்யும். மென்சோப்பும் மெட்டல் பாலிஷும் போதுமானவை.

5. சோதனையும் காப்பும்

ஒவ்வொரு கம்பியையும் ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். முறுக்குள்ள கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். தளர்ந்தவை தென்பட்டால் கோட்டம் எடுக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. ஒரு நிப்பிளைத் திருகினால் ரிம் முழுவதுமே அசையும்.

கழுவியபின் வெயிலில் நன்றாக உலர்த்தி, ரிம்முக்கு மெழுகும் கம்பிகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் இடலாம். அந்த எண்ணெய் டயருக்கோ டிரம்முக்கோ வழியக் கூடாது. அடுத்த முறை டியூப் மாற்றும்போது ரிம்மின் உட்புறத்தைப் பார்க்கத் தவற வேண்டாம். வெளியே பளபளக்கும் ரிம், டியூபுக்கு அடியில் தேங்கிய நீரால் உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருப்பதுண்டு. நிப்பிள் துளைகளைச் சுற்றி எஃகு மெலிந்திருந்தால் அந்த ரிம்மைத் தூய்மை செய்வதில் பயனில்லை. மாற்றியே ஆக வேண்டும்.